முதல் அச்சு எது? கிறித்தவ அச்சகங்களின் தமிழ் நூல்களை அடையாளங்காணும் முறை

பழைய நூலின் தலைப்புப் பக்கத்தில் காணும் ஆண்டையே கையிலுள்ள பிரதி அச்சான ஆண்டாகக் கொள்வது வாசகர்களிடம் மட்டுமன்றி நூலகப் பட்டியல்களிலும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். ஆனால் மிஷன் அச்சகங்களும் அவற்றின் வழிவந்த கிறித்தவப் பதிப்பகங்களும் வெளியிட்ட தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பலமுறை பிழையான முடிவுக்கே இட்டுச்செல்கிறது. அந்நிறுவனங்கள் நூலை அரிய பொருளாகப் பேணுவதற்காக அச்சிடவில்லை, ஊரூராகக் கொண்டுசென்று பரப்புவதற்காகவே அச்சிட்டன. ஆகவே கைப்பிரதி என்று கிறித்தவர் வழங்கும் சிறு வெளியீடுகளும், பாட்டுப் புத்தகங்களும், வேதாகமப் பகுதிகளும் இருப்புத் தீரும்தோறும் மீண்டும் அச்சேறின, பழைய முகவுரையும் பழைய ஆண்டும் சில வேளைகளில் அப்படியே தொடர்ந்தன. இதனால் முதல் அச்சைக் கண்டறிய விரும்புபவர் நூல் தன்னைப் பற்றிக் கூறுவதை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு, தாள், எழுத்து, முகவரி, விலை, சொல்வழக்கு ஆகிய பிற சாட்சிகளையும் ஒருங்கே விசாரிக்க வேண்டியவராகிறார்.

முதலில் பதிப்பு, அச்சு ஆகிய இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருமுறை கோத்த எழுத்துகளிலிருந்து எடுக்கப்படும் பிரதிகள் அனைத்தும் சேர்ந்து ஒரு பதிப்பு ஆகும். அவற்றுள் ஒரே தவணையில் எந்திரத்தில் ஓட்டி எடுக்கப்பட்டவை ஓர் அச்சு எனப்படும். எழுத்துகளைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கோத்தால் அது புதிய பதிப்பு, கோத்ததைக் கலைக்காமல் வைத்திருந்து பின்னொரு நாளில் மீண்டும் ஓட்டினால் அது அதே பதிப்பின் அடுத்த அச்சு. ஈய எழுத்துகள் விலைமிக்கவையாகவும் எண்ணிக்கையில் குறைந்தவையாகவும் இருந்த காலத்தில், ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 8 அல்லது 16 பக்கத் தொகுதி, ஓடி முடிந்ததும் அதன் எழுத்துகள் கலைக்கப்பட்டு அடுத்த ஃபாரத்துக்குப் பயன்படுத்தப்பட்டன. எனவே பழைய மிஷன் நூல்களில் மறுமுறை அச்சிடுவது என்பது ஏறத்தாழ எப்போதும் மறுமுறை கோப்பதாகவே இருந்தது. கோத்த பக்கத்தின்மேல் வார்ப்பு எடுத்து, அதில் உலோகத்தை ஊற்றித் தகடாக்கிக்கொள்ளும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகே ஒரே கோப்பு பல ஆண்டுகள் உயிர்வாழ முடிந்தது. அத்தகைய தகட்டு நூல்களில் எழுத்தின் தேய்மானமே காலக்கணிதம் ஆகிறது: ஒரு பிரதியில் கால் உடைந்து நிற்கும் எழுத்து மற்றொரு பிரதியில் முழுமையாக இருக்குமானால், முழுமையாக உள்ள பிரதியே முந்தியது என்று பெரும்பாலும் துணியலாம்.

தமிழ்ப் பதிப்புலகம் இவ்விரு பொருளுக்கும் பதிப்பு என்னும் ஒரே சொல்லை ஆண்டுவந்திருப்பது குழப்பத்தை மிகுவிக்கிறது. பத்தாம் பதிப்பு என்று பொறிக்கப்பட்ட நூலில் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கலாம். முதற்பதிப்பு என்று பொறிக்கப்பட்ட நூலோ, வேறோர் அச்சகம் பல பத்தாண்டுகளுக்கு முன் வெளியிட்டதைப் புதிய பதிப்பகம் தன் கணக்கில் முதன்முறையாக அச்சிட்டதாகவும் இருக்கலாம். ஆகவே முதற்பதிப்பு என்ற சொல்லைக் கண்டவுடன் எழுப்பவேண்டிய கேள்வி, யாருடைய முதற்பதிப்பு என்பதாகும்.

இன்று தமிழ் வாசகர்களின் வீடுகளிலும் திருச்சபை நூலகங்களிலும் மிகுதியாகக் கிடைப்பவை கடந்த நூற்றாண்டில் கிறித்தவ இலக்கியச் சங்கமும் அதையொத்த அமைப்புகளும் வெளியிட்டவை என்பதால், அவற்றிலிருந்து தொடங்குவதே பயன்தரும். இச்சங்கம் 1858இல் தாய்மொழிக் கல்விக்கான கிறித்தவச் சங்கமாகத் தோன்றி, 1891இல்தான் கிறித்தவ இலக்கியச் சங்கம் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பெற்றது. ஆகவே தலைப்புப் பக்கத்தில் அப்பெயரைத் தாங்கிய ஒரு நூலின் முகவுரை 1880ஆம் ஆண்டினதாக இருந்தாலும், அந்தப் பிரதி 1891க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. இவ்வாறே முகவரியும் பேசுகிறது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்ததால், சங்கத்தின் சென்னை பார்க் டவுன் முகவரியில் மூன்று என்னும் பழைய வட்ட எண் மட்டும் இருக்கும் பிரதியையும் 600 003 என்று ஆறு இலக்கம் இருக்கும் பிரதியையும் ஒரே அச்சாகக் கொள்ள இடமில்லை. ஆங்கில முகவரியில் மெட்ராஸ் என்பது சென்னை என மாறியிருந்தால் அது 1996ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ அச்சானது. யாழ்ப்பாணத்து மிஷன் வெளியீடுகளில் ஆங்கிலத்தில் சிலோன் என்னும் நாட்டுப் பெயர் ஸ்ரீலங்கா என்றாவது 1972 மே மாதத்துக்குப் பிறகே நிகழக்கூடியது.

விலையைப் போல ஒளிவுமறைவின்றிப் பேசும் சாட்சி வேறில்லை. ரூபாய், அணா, பை என்று விலை குறித்த பிரதி பழைய நாணய முறைக்கு உரியது; 1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணயம் வந்தபோது புதிய காசு நயா பைசா எனப் பெயர்பெற்றது; 1964 ஜூன் 1 முதல் நயா என்னும் அடைமொழி நீங்கி வெறும் பைசா ஆயிற்று. ஆகவே ந.பை. என்ற சுருக்கக் குறியுடன் விலை அச்சான சிறுநூல், ஆண்டே குறிக்கப்படாததாக இருந்தாலும், ஏழாண்டு இடைவெளிக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொள்கிறது. இருப்பினும் விலை மேலட்டையில் மட்டும் இருக்கிறதா, உள்தாளிலும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், அதன் காரணம் பின்னர் விளங்கும்.

எழுத்து வடிவமும் ஒரு நாட்காட்டியே. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டதன் பின்னர், ணா, றா, னா ஆகியவற்றின் வளைந்த கூட்டு வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கொம்புடைய பழைய வடிவங்களும் மெல்ல மறைந்தன. ஒரு கிறித்தவப் பதிப்பகம் 1965 என்று ஆண்டிட்ட நூலில் சீர்திருத்த வடிவங்களே முழுதும் பயின்றுவருமானால், அது பழைய ஆண்டைச் சுமந்த பிற்கால மறுகோப்பு என்று ஐயுறுவதற்கு வலுவான காரணம் உண்டு. சீர்திருத்தத்தை அரசுக்கு முன்பே பெரியாரின் இதழ்கள் கைக்கொண்டிருந்தன என்றாலும் சமய நூல் அச்சகங்கள் அவ்வழியில் சென்றவை அல்ல. அதேவேளை பழைய வடிவங்கள் இருப்பதனால் மட்டும் ஒரு நூலை 1978க்கு முந்தியது எனத் தீர்த்துவிடவும் கூடாது, ஏனெனில் அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகள் தேயும்வரை அவற்றையே பயன்படுத்தின.

இங்கேதான் இத்துறையின் அடிப்படை அமைந்துள்ளது. மேலே கூறிய ஒவ்வொரு தடயமும் இதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது என்னும் கீழ் எல்லையை உறுதியாகத் தருகிறது. இதற்குப் பின் அச்சாகியிருக்க முடியாது என்னும் மேல் எல்லையை அவ்வளவு எளிதில் தருவதில்லை. பழைய தாள் கிடங்கில் காத்திருக்கும், பழைய எழுத்து பெட்டியில் காத்திருக்கும், ஆனால் வராத காலத்தின் அஞ்சல் எண்ணை எந்த அச்சகமும் முன்கூட்டி அச்சிட்டுவிடாது. எனவே ஒரு பிரதி முதல் அச்சு அன்று என்று நிறுவுவதற்கு உள்தாளில் காணும் ஒரே தடயம் போதும்; முதல் அச்சு என்று நிறுவுவதற்கோ பல தடயங்கள் ஒன்றுக்கொன்று முரணின்றி நிற்பதோடு, நூலுக்கு வெளியேயும் சான்று வேண்டும்.

அந்த வெளிச்சான்றை வழங்குவதில் 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டத்துக்கு ஈடானது வேறில்லை. அச்சகங்களையும் நூல்களையும் பதிவுசெய்வதற்காகப் பிரித்தானிய இந்திய அரசு இயற்றிய அச்சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும், வெளியிட்டவர் இருப்பின் அவர் பெயரும் இடமும் தெளிவாக இருக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. அரசிடம் ஒப்படைக்கப்படும் நூல்களை மூன்று திங்களுக்கு ஒருமுறை பட்டியலிட்டு அரசிதழில் வெளியிடவும் வழிசெய்தது. அப்பட்டியலில் நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள் ஆகியவற்றோடு, வெளிவந்த நாள், பக்க எண்ணிக்கை, அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, விலை என்ன என்பனவும் தனித்தனிக் கட்டங்களில் பதியப்பட்டன. கண்காணிப்புக்காக அமைந்த ஓர் ஏற்பாடு ஆய்வாளருக்குக் கிடைத்த பெருங்கொடையாக மாறியது. கையிலுள்ள பிரதியின் பக்க எண்ணிக்கையும் அளவும் விலையும் முதற்பதிப்பின் பதிவோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டால், ஊகத்தில் நின்ற முடிவு உறுதிப்படுகிறது. இப்பட்டியல்களுக்கு முந்திய காலத்துக்கு, மிஷனரியும் நூல் பரப்பாளருமான ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்பாட்டுப் பட்டியல் துணைநிற்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி. யு. போப்பும் 1909இல் தந்த பட்டியலும், வேதாகமப் பதிப்புகளுக்கு டார்லோவும் மூலும் தொகுத்த பெரும் பட்டியலும் அவ்வாறே தவிர்க்க இயலாதவை.

19ஆம் நூற்றாண்டு நூல்களில் ஆண்டைப் படிப்பதிலேயே தவறு நேர்வதுண்டு. தமிழ் எண்களில் குறிக்கப்பட்ட ஆண்டில் ௫ என்பதும் ௬ என்பதும் மை பரவிய நிலையில் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும். இடமதிப்பு முறையில் ௧௮௬௦ என்று எழுதுவதற்கு மாறாக ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றின் குறிகளைக் கொண்டு ௲௮௱௬௰ என்று எழுதும் பழைய முறையும் வழக்கில் இருந்தது. பட்டியலாளர் ஒருவர் ஓர் எண்ணைத் தவறாகப் படித்துவிட்டால், இல்லாத பதிப்பொன்று பட்டியல்களில் பிறந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கப்பட்டு நிலைத்துவிடுகிறது. இப்படிப் பிறக்கும் நூல்களை நூலியலார் ஆவிப் பதிப்புகள் என்று அழைப்பர்.

1867ஆம் ஆண்டின் சட்டமும் அதன் பட்டியலும் இல்லாத தொல்காலத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு தரங்கம்பாடி. டென்மார்க்கு அரசர் அனுப்பிய லுத்தரன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் அங்கு வந்திறங்கினார்; லண்டனிலிருந்து கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சு எந்திரம் வரும் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் கப்பலோடு பிடிபட்டு, மீட்கப்பட்டு, 1712இல் இந்தியாவை அடைந்தது; அதனுடன் புறப்பட்ட அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தபோது அவை அளவில் மிகப் பெரியவையாக இருந்தன. தாளோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். பெரிய எழுத்து தாளை விழுங்கியதால், உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன, பின்னர் அருகிலுள்ள பொறையாறில் தாள் ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. வறுமையால் நேர்ந்த இம்மாற்றமே பின்வந்த ஆய்வாளருக்கு அளவுகோலாயிற்று: தலைப்புப் பக்கம் இழந்த தரங்கம்பாடி வெளியீடு ஒன்றில் எழுத்தின் அளவையும் தாளின் இயல்பையும் கொண்டே அது எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்று அணுக முடிகிறது.

அவ்வச்சகத்தின் தலையாய நூலான புதிய ஏற்பாடு, முதல் அச்சின் ஆண்டு எது என்னும் கேள்விக்கே ஒற்றை விடை தராதது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714 என்னும் ஆண்டுடனும், நிருபங்கள் முதலான எஞ்சிய பகுதி 1715 என்னும் ஆண்டுடனும் வெளிவந்ததால், சில நூல்கள் 1714 என்றும் சில 1715 என்றும் குறிக்கின்றன. இரண்டும் பிழையல்ல, ஒன்றின் தலைப்புப் பக்கத்தை மட்டும் கண்டவர் எழுதியவை அவை. இரண்டாம் பதிப்பு 1722இலேயே வந்துவிட்டதால், தலைப்புப் பக்கம் கிழிந்த தனிப் பாகமொன்று கிடைக்கும்போது அது எந்தப் பதிப்பின் பாகம் என்று தீர்மானிக்க ஃபாரக் குறிகளை, அதாவது மடிவுகளை வரிசையாக அடுக்குவதற்காகத் தாளின் அடியில் அச்சிடும் எழுத்து அல்லது எண்ணை, எண்ணிப் பார்ப்பதும், வரி முடிவுகளை ஐயமற்ற பிரதியோடு ஒப்பிடுவதுமே வழி. பக்கத்தில் எங்கே வரி மடங்குகிறது என்பது கோப்பவரின் கைரேகை போன்றது. மறுமுறை கோத்தால் அது அப்படியே வந்து அமைவது அரிது.

தாளை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தலும் இன்றியமையாதது. கம்பி வலைச் சட்டத்தில் கையால் அள்ளி உலர்த்திய பழைய தாளில் நெருங்கிய கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் அகன்ற கோடுகளும் தெரியும்; உற்பத்தியாளரின் சின்னமான நீர்க்குறியும் சில வேளை புலப்படும். இயந்திரத்தில் நீளச் சுருளாக ஓடிவந்த 19ஆம் நூற்றாண்டுத் தாள் பெரும்பாலும் சீரான மேற்பரப்பு உடையது. அரைத்த மரக்கூழ்த் தாளோ அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது, விளிம்பிலிருந்து பழுத்து நொறுங்கும் இயல்பால் தன்னைக் காட்டிக்கொடுப்பது. வேப்பேரியில் 1761இல் தொடங்கிய அச்சகத்தின் தொடக்க கால நூல் என்று கூறப்படும் பிரதி இத்தகைய நொறுங்கும் தாளில் இருந்தால் அக்கூற்றை ஏற்க இயலாது. அந்த அச்சகமே பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரி கைப்பற்றப்பட்டபோது கிடைத்த எந்திரத்தால் உருவாகி, மிஷனரி ஃபப்ரிசியஸ் பொறுப்பில் வளர்ந்து, பின்னாளில் டயசீசன் அச்சகம் என்று பெயர் மாறியது. பெயர் மாற்றமும் காலம் காட்டும் தடயமே.

வேதாகமங்களைப் பொறுத்தவரை சொல்வழக்கு தரும் சான்று தனிச்சிறப்புடையது. இறைவனைக் குறிக்க சீகன்பால்கு சர்வேசுரன் என்னும் சொல்லையும், ஃபப்ரிசியஸ் பராபரன் என்னும் சொல்லையும், 1871இல் முழுமையுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்னும் சொல்லையும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் கடவுள் என்னும் சொல்லையும் ஆள்கின்றன. முன்னும் பின்னும் ஏடுகள் உதிர்ந்த ஒரு வேதாகமத்தின் ஆதியாகமத்து முதல் வாக்கியம் எஞ்சியிருந்தாலே எந்த மொழிபெயர்ப்பு என்பது தெளிவாகிவிடும். ஆனால் மொழிபெயர்ப்பை அறிவது வேறு, அச்சை அறிவது வேறு: ஐக்கிய மொழிபெயர்ப்பு இன்றுவரை அச்சில் இருப்பதால், தேவன் என்ற சொல் கீழ் எல்லையை மட்டுமே தருகிறது. வேதாகமச் சங்கங்களின் பிற்காலப் பிரதிகளில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஆண்டும், அதனருகே ஓர் எண்ணும், எம் என்னும் ஆங்கில எழுத்தும் சிறிய அளவில் அச்சாகியிருக்கும். எம் என்பது ரோமானிய முறையில் ஆயிரத்தைக் குறிப்பதால், 10 எம் என்றால் அத்தவணையில் பத்தாயிரம் பிரதி ஓடியதாகப் பொருள். மேலைநாட்டுக் கிறித்தவப் பதிப்பகங்கள், குறிப்பாக அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்சு நகரில் 1911இல் தோன்றிய எர்ட்மன்சு, அந்நகருக்கு அருகே 1931இல் தோன்றிய சோண்டர்வன் போன்றவை, இதற்கு மாறாக எண் வரிசை ஒன்றைக் கையாள்கின்றன. பத்திலிருந்து ஒன்று வரை எண்களை அச்சிட்டு, ஒவ்வோர் அச்சின்போதும் மிகச் சிறிய எண்ணை நீக்கிவிடுவர். எஞ்சிநிற்கும் சிறிய எண்ணே அச்சின் வரிசை எண், ஒன்று நின்றால் முதல் அச்சு. தகட்டில் புதிதாகச் சேர்ப்பதைவிடச் சுரண்டி நீக்குவது எளிது என்பதே இந்த ஏற்பாட்டின் தோற்றுவாய்.

முதல் அச்சில் இருப்பதே முழுமையான நூல் என்று எண்ணுவதும் பொருந்தாது. ஜான் பனியனின் மோட்சப் பயண நூலை 1678இல் லண்டனில் நத்தானியேல் பாண்டர் வெளியிட்டபோது, உலக ஞானி என்னும் புகழ்பெற்ற பாத்திரம் அதில் இடம்பெறவில்லை. அதே ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் பனியன் அவரைச் சேர்த்தார். ஆகவே அப்பாத்திரம் இல்லாமையே அங்கு முதல் அச்சின் அடையாளம். அக்கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் போன்ற தமிழ்க் காவியங்களின் பதிப்புகளையும் இவ்வாறே பாடம் பாடமாக ஒப்பிட்டு ஆராய்வது தமிழ் நூலியலுக்கு இன்றியமையாத பணி.

ஒரு முதல் அச்சை அடையாளங்காண்பது ஒரு மொழியின் வரலாற்றையே எவ்வளவு தெளிவாக்கும் என்பதற்குத் தம்பிரான் வணக்கம் சான்று. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் தமிழில் தந்த அந்தச் சிறுநூல் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது, பதினாறே பக்கம். மறு ஆண்டில் கொச்சியில் அவர் அச்சிட்ட கிரீசித்தியானி வணக்கத்தின் போர்த்துக்கேயத் தலைப்பும் கிறித்தவ மறையுரை என்னும் அதே பொருளுடைய சொற்களில் தொடங்குவதால், அத்தலைப்பின் தொடக்கத்தை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்த பிரதியை ஆராய்ந்து ஆய்வாளர்கள் சூர்காமரும் காட்ரெலும் 1952இல் அப்பல்கலைக்கழக நூலக இதழில் எழுதியபோது, இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான மிகப் பழைய நூலாக அது நிலைபெற்றது. அதன் இறுதிப் பக்கத்தில் கோவாவில் 1577இல் வார்த்த எழுத்துகளின் மாதிரியும் கொல்லத்தில் 1578இல் வார்த்தவற்றின் மாதிரியும் அருகருகே தரப்பட்டுள்ளன. தன் எழுத்தின் பிறப்பிடத்தையும் ஆண்டையும் நூலே பதிந்துவைத்தது பெரும்பேறு.

மேலட்டை பற்றி முன்பு எழுந்த ஐயத்துக்கு இப்போது விடை காணலாம். மிஷன் பதிப்பகங்கள் அச்சான தாள்கள் அனைத்தையும் ஒரே வேளையில் பைண்டிங் செய்யாமல், விற்பனைக்கேற்பப் பகுதி பகுதியாகத் தைத்து அட்டையிடுவதும் உண்டு. ஆதலால் முதல் அச்சின் தாள்கள் பத்தாண்டு கழித்துப் புதிய விலையும் புதிய முகவரியும் தாங்கிய அட்டைக்குள் வந்து அமரக்கூடும். அட்டை பிந்தியது என்பதனால் உள்தாளும் பிந்தியது என்று தீர்ப்பது அங்கே பெரும்பிழை ஆகும். பின்னட்டையிலோ கடைசி ஏடுகளிலோ காணும் நூல் விளம்பரப் பட்டியல் உள்ஃபாரத்தோடு சேர்த்து அச்சானதா, அட்டையோடு வந்ததா என்பதை மடிவின் நடுத் தையலைப் பிரிக்காமலே உற்றுநோக்கி அறியலாம். ஃபாரத்தோடு அச்சானதாயின் அதிலுள்ள மிகப் பிந்திய நூலின் ஆண்டே அந்தப் பிரதிக்குக் கீழ் எல்லை. திருச்சபை நூலகங்களில் பழைய நூல்களைப் பழுதுபார்க்கும்போது முதலில் வெட்டியெறியப்படுபவை இந்த அட்டையும் இந்த விளம்பர ஏடுகளுமே. அழுக்கேறிய அத்தாள்களையும் ஓர் உறையிலிட்டு நூலோடு சேர்த்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அவை போய்விட்ட பிரதிக்கு அரசிதழ்ப் பட்டியலின் ஒற்றை வரியைத் தவிர வேறு துணை அரிது, அந்த வரியும் 1867க்கு முந்திய நூல்களுக்குக் கிடையாது.